பல் வைத்த பெல்ட், அதன் முதுகில் ஒரு பம்ப்

கொழிஞ்சாம்பாறையில் என் மாமா மகனின் தென்னந்தோப்பு ஓரமாக ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. முன்பு அதில் மட்டையும் ஓலையும் அடுக்கியிருந்தார்கள். இப்போது அங்கே 1986-ஆம் வருடத்து போர்ஷே 944 ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நிற்கிறது. வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய பாலக்காட்டுக் குடும்பம் ஒன்றிடம் வாங்கினான். மீட்டரில் 61,000 கி.மீ. காட்டியது. கடைசிப் பதினோரு வருடத்தில் அது ஓடியது ஆயிரம் கிலோமீட்டர்கூட இருக்காது. வண்டி லாரியிலிருந்து இறங்கிய அன்றே பொள்ளாச்சி வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிவிடலாம் என்றான். நான் சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

"பெல்ட்டை மாத்தாம இத ஸ்டார்ட்கூடப் பண்ணாத மாப்பிள்ளை."

"ஓடவே இல்லாத வண்டிக்குப் பெல்ட் எப்படித் தேயும்?" என்று கேட்டான்.

நியாயமான கேள்விதான். பழைய கார் வாங்கும் பலரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். அவனுக்கு நான் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

பெட்ரோல் இன்ஜினுக்குள் இரண்டு தண்டுகள் சுழல்கின்றன. கீழே இருப்பது கிராங்க். பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வருவதை அது சுழற்சியாக மாற்றுகிறது. மேலே இருப்பது கேம். அதன் மேடுகள் வால்வுகளை அழுத்தித் திறக்கின்றன. காற்றும் பெட்ரோலும் உள்ளே வருவதும், எரிந்த புகை வெளியே போவதும் இந்த வால்வுகள் வழியாகத்தான். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். அதனால் மேலே உள்ள பல் சக்கரத்துக்குக் கீழே இருப்பதைப் போல இரண்டு மடங்கு பற்கள். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் வண்டி சாதாரணமாகப் போகும்போது, ஒரு பிஸ்டன் வினாடிக்கு 50 தடவை உச்சிக்கு வருகிறது. அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு வால்வும் அதே வினாடியில் 25 தடவை திறந்து மூடுகிறது.

இந்த இன்ஜினில் ஒரே இடத்தை வால்வும் பிஸ்டனும் பங்குபோட்டுக்கொள்கின்றன. வால்வு முழுக்கத் திறந்தால் சுமார் ஒரு சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது. அது மேலே ஏறிய பிறகு பிஸ்டன் அதே இடத்துக்கு வந்துபோகிறது. ஒருவர் விலக, மற்றவர் நுழைய, மோதல் இல்லாமல் நடக்கும் இந்த ஏற்பாடு முழுவதும் கிராங்கையும் கேமையும் இணைக்கும் ஒரு ரப்பர் பெல்ட்டை, அதாவது டைமிங் பெல்ட்டை, நம்பி இருக்கிறது. பெல்ட் அறுந்தால் கேம் அங்கேயே நின்றுவிடும். நான்கு சிலிண்டரில் ஏதோ சில வால்வுகள் திறந்தபடியே நிற்கும். கிராங்க் உடனே நிற்காது. கனமான ஃப்ளைவீலும், கியரில் இருக்கும் சக்கரங்களும் அதைத் தள்ளிக்கொண்டே போகும். மேலே வரும் பிஸ்டன் அந்த வால்வுகளை அடித்து வளைத்துவிடும். அப்புறம் வால்வுகள் உட்கார்ந்திருக்கும் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றாமல் வேறு வழியில்லை. பெல்ட் அறுவதுகூட வேண்டாம். தளர்ந்துபோய் சில பற்கள் தாவினாலே போதும்.

எல்லா இன்ஜினும் இப்படி இல்லை. சிலவற்றில் பெல்ட் அறுந்தாலும் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி மிச்சம் இருக்கும். வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். 944 அந்த வகை இல்லை.

சரி, இவ்வளவு பெரிய பொறுப்பை ஏன் ரப்பரிடம் கொடுத்தார்கள்? பழைய ரைஸ் மில்லில் தட்டைப் பெல்ட் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பாரம் ஏறினால் அது வழுக்கும். மில்காரர் அதன்மேல் பெல்ட் மெழுகைத் தேய்ப்பார். நெல் குத்துவதில் கொஞ்சம் வழுக்கினால் பாதகமில்லை. கேமுக்கு ஒரு சுற்றில் சில டிகிரி பிசகினாலும் இன்ஜின் சரியாக ஓடாது. அதனால் பெல்ட்டின் உட்புறத்தில் பற்களை வைத்தார்கள். 1962-இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 காரில் இது பெரிய அளவில் சாலைக்கு வந்தது. 1966-இல் ஃபியட்டுக்காக ஆரேலியோ லாம்பிரெடி வடிவமைத்த இரட்டைக் கேம் இன்ஜினும் பல் பெல்ட்டிலேயே ஓடியது. சங்கிலியைவிட இது எடை குறைவு, சத்தம் குறைவு, எண்ணெய் தேவையில்லை.

எண்ணெய் தேவையில்லை என்பது மட்டுமில்லை, எண்ணெய் அதற்கு விஷம். பெல்ட்டின் உயிர் அதற்குள் நீளவாக்கில் ஓடும் கண்ணாடி இழைக் கயிறுகளில் இருக்கிறது. இழுவிசையைத் தாங்குவது அவைதான். ரப்பர் அந்தக் கயிறுகளைப் பிடித்துவைக்கிறது, பல்லுக்கு வடிவம் கொடுக்கிறது. பல்லின்மேல் ஒரு நைலான் துணி ஒட்டியிருக்கும். கேமிலோ கிராங்கிலோ எண்ணெயைத் தடுக்கும் வளையமான சீல் கசிந்து எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பி, கயிற்றை விட்டுவிடும்.

இனி என் மாப்பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். ரப்பர் தேய்ந்து மட்டும் சாவதில்லை. காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஓசோனும் சூடும் சேர்ந்து ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கின்றன, அல்லது ஒன்றோடொன்று கோத்து விறைக்கவைக்கின்றன. இதற்கு வண்டி ஓட வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மாசியில் அடிக்கும் அந்தக் காய்ந்த காற்றில், தகரக் கொட்டகைக்குள் நின்றுகொண்டே பெல்ட் கிழடாகும். அதோடு, வருடக்கணக்கில் அசையாமல் நின்றால் சின்னக் கிராங்க் சக்கரத்தைச் சுற்றி வளைந்திருந்த பகுதி அதே வளைவில் உறைந்துபோகும். ஸ்டார்ட் செய்யும் முதல் இழுப்பு அந்த இடத்தில்தான் விழும். இந்தக் காரை வைத்திருப்பவர்கள் 4 வருடம் அல்லது சுமார் 70,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுவது வழக்கம். பலர் அதற்கும் முன்பே மாற்றுகிறார்கள். குறைவாக ஓடிய பழைய வண்டிக்குக் கிலோமீட்டரைப் பார்க்கவே கூடாது என்பது என் கருத்து. காலண்டரைத்தான் பார்க்க வேண்டும்.

பெல்ட்டின் மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தோம். "பார்க்கப் புதுசாத்தானே இருக்குதுங்க?" என்றார் பட்டறைக்கார அண்ணன். உண்மைதான், வெடிப்பு ஒன்றும் கண்ணில் படவில்லை. பழைய பெல்ட் வெளியே வந்ததும் அவரிடமே கொடுத்துப் பின்பக்கமாக மடக்கச் சொன்னேன். ஒவ்வொரு பல்லின் அடியிலும் மயிரிழை போல ஒரு கோடு திறந்தது. புதுப் பெல்ட்டை இப்படி மடக்கவே கூடாது. கண்ணாடி இழைகள் உள்ளுக்குள் உடைந்துவிடும், வெளியே எதுவும் தெரியாது.

அடுத்தது வாட்டர் பம்ப். கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. கிணற்று மோட்டாரில் இருக்கும் அதே பம்ப்தான். இறக்கைகள் வைத்த ஒரு சக்கரம் சுழன்று, நடுவில் வரும் தண்ணீரை ஓரத்துக்கு வீசுகிறது. வீசிய வேகம் அழுத்தமாக மாறி, தண்ணீர் இன்ஜினைச் சுற்றி ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து திரும்புகிறது. பெட்ரோல் தரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தத் தண்ணீரில்தான் இறங்குகிறது. 944-இன் சிலிண்டர்களுக்குள் லைனர் எனப்படும் இரும்பு உள்குழாய் கிடையாது. சிலிக்கான் கலந்த அலுமினியத்திலேயே பிஸ்டன் ஓடுகிறது. சூடு மிஞ்சினால் அந்தப் பரப்பும் ஹெட்டும் கெட்டுப்போகும்.

பல கார்களில் வாட்டர் பம்பை வெளியே உள்ள ஃபேன் பெல்ட் சுற்றும். அது கெட்டால் பம்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 944-இல் டைமிங் பெல்ட்டின் வழவழப்பான முதுகு பம்பின் உருளையில் உரசிக்கொண்டு போகிறது. அதனால் பம்பின் பேரிங் கேமின் உயிரையும் கையில் வைத்திருக்கிறது. பேரிங் ஆடினால் உருளை சாயும், பெல்ட் ஓரத்துக்கு நகரும், மூடியில் உரசிப் பிசிறும். பேரிங் இறுகி நின்றால் பெல்ட்டின் முதுகு தேய்ந்து எரியும். கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், கசிந்தால் நேராகப் பெல்ட்டில் விழும். பம்ப் வாங்கும் காசை மிச்சம் பிடிக்கப் பழைய பம்பை விட்டுவைப்பது இந்த இன்ஜினில் பெரிய ஆபத்து. பம்புக்காக மறுபடியும் திறந்தாலும் அதே வேலை முழுவதையும் செய்தாக வேண்டும்.

பம்ப் கெடப்போவதை அதுவே ஒரு வழியில் சொல்லும். கிணற்று மோட்டாரின் தண்டில் பழைய முறையில் கிளாண்டு கயிறு சுற்றுவார்கள். சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டே இருக்கும். கார் பம்பில் இரண்டு வளையங்கள், பொதுவாக ஒன்று கார்பன், மற்றொன்று பீங்கான், முகத்தோடு முகம் அழுந்தி உரசுகின்றன. நடுவே மெல்லிய நீர்ப்படலம்தான் மசகு. அந்த வளையங்கள் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் வெளியேற ஒரு சின்னத் துளை வைத்திருக்கிறார்கள். எங்கள் பம்பில் அந்தத் துளைக்குக் கீழே பச்சையும் வெள்ளையுமாக உப்புப் படிந்திருந்தது. உருளையைப் பிடித்து ஆட்டினால் லேசாக ஆடியது.

பம்பைக் கழற்றி உள்ளே பார்த்தபோதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. யாரோ வருடக்கணக்கில் போர் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்பது வெந்நீர் அண்டாவின் அடியைப் பார்த்தால் தெரியும். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடானதும் சுண்ணாம்பாகப் படிகிறது. இன்ஜினில் எந்த இடம் அதிகம் சுடுகிறதோ அங்கேதான் முதலில் படியும். அதாவது எங்கே குளிர்ச்சி அதிகம் தேவையோ அங்கேயே அந்த ஓடு சூட்டை மறித்து நிற்கும். உதிரும் துகள் சீலின் முகத்தையும் கீறும்.

"இங்க பனி உறையற ஊரா, கூலன்ட் எதுக்குங்க?" என்று பலர் கேட்பார்கள். உறையாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்றுதான். நமக்கு வேண்டியது அதில் உள்ள துருத்தடுப்பு மருந்தும், கூடுதல் கொதிநிலையும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தம் ஏற்றிப் பிடிக்கிறது. வெளிக்காற்றைப் போல இரண்டு மடங்கு அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். அழுத்தம் இறங்கினால் பம்பின் இறக்கைகளுக்குப் பின்னே குமிழிகள் கிளம்பி உடைந்து உலோகத்தை அரிக்கும். ஆனால் கூலன்டை அப்படியே முழுசாக ஊற்றுவதும் தப்பு. சூட்டைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்ச அதனால் முடியாது. நாங்கள் அலுமினியத்துக்கு ஏற்ற கூலன்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தோம். மொத்தம் சுமார் 8 லிட்டர் பிடித்தது.

வேலையைப் பற்றிச் சுருக்கமாக. ஃபேன்கள், வெளிப் பெல்ட்டுகள், கேமின் முன்முனையிலேயே உட்கார்ந்திருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தருவது) மூடி, பிளாஸ்டிக் உறைகள் எல்லாம் கழன்றன. முதல் சிலிண்டரை உச்சிக்குக் கொண்டுவந்து, ஃப்ளைவீல் குறியையும் கேம் சக்கரக் குறியையும் நேர் பார்த்துக்கொண்டோம். அதற்குப் பிறகுதான் பழைய பெல்ட்டைத் தொட்டோம். பம்ப், அதற்குள்ளேயே இருக்கும் தெர்மோஸ்டாட், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உருளைகள், முன்பக்க சீல்கள் எல்லாம் புதிது. அலுமினியத்தில் இறுகிக் கிடந்த போல்ட்டுகளுக்கு மட்டும் அரை நாள் போனது. சூடு காட்டி, எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார் அண்ணன். அவர் பொறுமைக்கு நான் கடன்பட்டவன்.

இந்த இன்ஜினில் இரண்டாவதாக இன்னொரு பல் பெல்ட்டும் உண்டு. நான்கு சிலிண்டர் வரிசை இன்ஜினில் கிராங்க் வேகத்தைப் போல இரு மடங்கு வேகத்தில் ஒரு அதிர்வு எழும். அதை அடக்க எடை வைத்த இரண்டு தண்டுகள் அதே இரு மடங்கு வேகத்தில் சுழல்கின்றன. கிராங்க் 6,000 என்றால் இவை 12,000. இந்த ஏற்பாட்டுக்குப் போர்ஷே மிட்சுபிஷியிடம் உரிமம் வாங்கியது. அவற்றைச் சுற்றும் பெல்ட்டுக்கு இருபுறமும் பல். அது அறுந்து துண்டு சிதறினால் டைமிங் பெல்ட்டில் சிக்கலாம். அதையும் மாற்றினோம்.

எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த இடம், பெல்ட்டின் இறுக்கம். தளர்ந்தால் பல் தாவும். அதிகம் இறுக்கினால் பெல்ட் ஊளையிடும், புதுப் பம்பின் பேரிங் சீக்கிரம் போகும். இரண்டுக்கும் நடுவே உள்ள அளவை இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போதுதான் வைக்க வேண்டும். காரணம் எளிது. அலுமினியம் சூட்டில் நீளும். அரை மீட்டர் அலுமினியம் 70 டிகிரி கூடினால் சுமார் 0.8 மில்லிமீட்டர் நீளும். பெல்ட்டின் கண்ணாடி இழைகள் அந்த அளவுக்கு நீளாது. அதனால் இன்ஜின் சூடாகும்போது கிராங்க்கும் கேமும் விலகிப்போய் பெல்ட் தானாக இறுகுகிறது. சூட்டில் சரியாக வைத்த பெல்ட், காலையில் தளர்ந்து நிற்கும். 1987 முதல் வந்த வண்டிகளில் ஸ்பிரிங் டென்ஷனர் இருக்கிறது. இந்த 1986 வண்டியில் கையால் திருப்பி வைக்கும் பழைய உருளைதான். பகலில் கொட்டகைக்குள் 39 டிகிரி. ஆகவே விடியற்காலை ஐந்தரைக்கு, டார்ச் வெளிச்சத்தில் இறுக்கத்தை அளக்கும் கருவியை வைத்து இறுக்கினோம். பிறகு இன்ஜினைக் கையால், கடிகாரச் சுற்றில் மட்டும், முழுதாக இரண்டு சுற்று சுற்றி, குறிகள் மறுபடி நேரே வந்து நிற்கின்றனவா என்று பார்த்தோம். நின்றன. எதிர்ச்சுற்றில் திருப்பினால் பெல்ட் தளர்ந்த பக்கத்தில் பல் தாவிவிட வாய்ப்புண்டு.

கூலன்ட் ஊற்றும்போது காற்று பிடித்துக்கொள்ளக் கூடாது. கிணற்று மோட்டாரில் காற்று புகுந்தால் இறக்கைச் சக்கரம் சும்மா சுற்றும், தண்ணீர் ஏறாது, இங்கேயும் அதேதான். வண்டியின் மூக்கை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து, இன்ஜினின் மேலே உள்ள சின்னத் திருகைத் தளர்த்திக் குமிழி நிற்கும்வரை காத்திருந்தோம்.

முதல் ஓட்டம் பொள்ளாச்சிக்கு இல்லை, நெம்மாறை வழியாகப் போத்துண்டி அணை தாண்டி நெல்லியாம்பதி மலைக்கு. மலை ஏற்றத்தில் வேகம் குறைவு, முகத்தில் காற்றும் குறைவு. பம்பும் ஃபேனும் சேர்ந்து உழைத்தாக வேண்டும். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுக்கோட்டைக் கொஞ்சம் தாண்டி, ஃபேன் ஓடியதும் திரும்பி வந்தது. மேலே போய்ச் சேரும்வரை அங்கேயே நின்றது.

புதுப் பெல்ட் முதலில் கொஞ்சம் இளகும். அதனால் 3,000 கி.மீ. வாக்கில் மறுபடி திறந்து இறுக்கத்தைப் பார்க்க வேண்டும். போன வாரம் பார்த்தோம். எதிர்பார்த்தபடி லேசாகத் தளர்ந்திருந்தது. மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு அண்ணன் வந்தார், உருளையை ஒரு நூல் அளவு திருப்பினார். தேதியையும் கிலோமீட்டரையும் வெள்ளை பெயின்ட்டில் பெல்ட் மூடியின் உட்புறம் எழுதி மூடினோம்.