சோம்பு வாசம் அடித்தால் குலை குறையும்

மலேசியாவில் சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊர்ப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதியிருந்தாலும் எங்கள் பெரியவர்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இந்தப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபொக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தைப் போட்டார். பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை. நம் ஆட்கள் வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும்.

முப்பது வருடம் குலை வெட்டிய என் மாமாவோடு ஒருநாள் தோட்டத்துக்குள் நடந்தேன். சோம்பை வறுத்த மாதிரி ஒரு வாசம். எனக்குப் பிடித்திருந்தது. மாமா முகம் சுளித்தார்.

“ஆண்பூ வாசம்டா இது. இப்படிப் பூத்துக் கிடந்தா இன்னும் அஞ்சாறு மாசத்துல வெட்டக் குலை இருக்காது.”

“ஏன் மாமா, நல்லாத்தானே மழை பெய்யுது?”

“இப்பப் பெய்யுது. அப்பப் பெய்யலையே!”

அந்த ‘அப்ப’ எப்போது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. செம்பனை மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு மட்டை விடும். ஒவ்வொரு மட்டையின் இடுக்கிலும் ஒரு பூங்குருத்து ஒளிந்திருக்கும். பெண்பூவானால் குலை, ஆண்பூவானால் மகரந்தமும் சோம்பு வாசமும் மட்டும். இரண்டில் எது என்பது குலை பழுப்பதற்கு ஏறத்தாழ இரண்டு வருடம் முன்பே, குருத்து கண்ணுக்குத் தெரியாத பருவத்திலேயே முடிவாகிவிடும். அந்த நேரத்தில் வறட்சி வந்தால் மரம் செலவைக் குறைக்கப் பார்க்கும். பல கிலோ எண்ணெய்ப்பழத்தைச் சுமந்து வளர்ப்பதைவிட ஆண்பூ மலிவு. அதையும் தாண்டித் தப்பிய பெண்குருத்து, பழுக்கப் பத்து மாதம் இருக்கும்போது இன்னொரு வறட்சியில் மாட்டினால் உள்ளேயே கருகிவிடும். ஆக, லாரியில் இன்று ஏறும் குலை பழைய வானிலையின் கணக்கு. 2015இல் எல் நினோ வந்தது, அதாவது பசிபிக் கடல் சூடாகி நம் பக்கம் மழை குறையும் காலம். மலேசியாவின் செம்பனை எண்ணெய் உற்பத்தி அந்த வருடம் கிட்டத்தட்ட 2 கோடி டன், மறு வருடம் சுமார் 1 கோடியே 73 லட்சம் டன்.

வறட்சி என்றால் மழை இல்லாதது மட்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். காற்றின் தாகமும் சேர்ந்ததுதான் வறட்சி. காற்று ஒரு டிகிரி சூடேறினால் அதனால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்க முடியும். கொடியில் போட்ட துணி உச்சிவெயிலில் சட்டென்று காய்வது இதனால்தான். மரத்துக்கும் அதே கதி: மட்டையிலிருந்து தண்ணீரை உறிஞ்சுகிறது காற்று. தாங்காமல் மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. மூடினால் கரியமில வாயு உள்ளே போகாது, சாப்பாடு தயாராகாது, குருத்து பட்டினி. அப்படிக் குடித்த தண்ணீரைக் காற்று ஒருநாள் மொத்தமாகத் திருப்பியும் கொட்டும். சூடு கூடினால் வறட்சியும் கடுமை, அடைமழையும் கடுமை. 2021 டிசம்பரில் ஷா ஆலம் நகரின் தாமான் ஸ்ரீ மூடா குடியிருப்பு வெள்ளத்தில் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நல்ல செய்தி: மழை திரும்பினால் மரம் மறந்துவிடும். 2017இல் உற்பத்தி பழையபடி ஏறிவிட்டது. வானத்துக்கு அந்த மறதி கிடையாது. நாம் விடும், பூமியைச் சூடேற்றும் கரியமில வாயுவில் ஒரு பகுதி நூற்றாண்டுகள் தாண்டியும் அங்கேயே கிடக்கும். தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பு பத்து லட்சம் பங்கு காற்றில் அது 280 பங்கு. ஹவாயில் சார்ல்ஸ் கீலிங் அளக்கத் தொடங்கிய 1958இல் சுமார் 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. சூடு எவ்வளவு ஏறும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது இதுவரை விட்டதன் கூட்டுத்தொகை. அடுத்த வருடம் பார்க்கலாம் என்றால் அந்த ஒரு வருடப் புகையும் கணக்கில் ஏறிவிடும், இறங்காது.

சரி, எங்கள் ஊர் மாதிரி இடத்தில் சீக்கிரம் பலன் தரக்கூடியது எது? செம்பனை எண்ணெய் ஆலைக்குப் பின்னால் இருக்கும் கழிவுநீர்க் குளம். ஒரு டன் எண்ணெய்க்கு இரண்டரை, மூன்று டன் கழிவுநீர் அதில் போய்ச் சேர்கிறது. பக்கத்தில் நின்று பார்த்தால் பழுப்புத் தண்ணீரில் ‘குபுக் குபுக்’ என்று குமிழ் வரும். மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். அந்தக் குமிழில் இருப்பது பெரும்பாலும் மீத்தேன். நூறு வருடக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும். ஆனால் அதன் ஆயுள் பன்னிரண்டு வருடம் போலத்தான். அதனால் இன்று அடைத்தால் நம் ஆயுளிலேயே பலன் தெரியும். குளத்தின் மேல் கெட்டித் தார்ப்பாய் போர்த்தி, வாயுவைக் குழாயில் இழுத்து மின்சாரம் எடுக்கலாம். 2014 முதல் புதிய ஆலைகளுக்கு இது கட்டாயம். பழைய ஆலைகள் பலவற்றில் இன்னும் திறந்த குளம்தான். அவற்றை ஏன் இத்தனை வருடம் விட்டுவைத்தார்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை.

போன மாதம் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் பழைய மரங்களைச் சாய்த்துக் கன்று நட்டார்கள். செம்பனையை இருபத்தைந்து வருடம் வைத்திருப்பார்கள். கரிம உமிழ்வை நிகரப் பூஜ்ஜியமாக்க, அதாவது விடும் அளவையே திரும்ப உறிஞ்சிக்கொள்ள, மலேசியா வைத்திருக்கும் இலக்கு 2050. இந்தக் கன்றுகளைச் சாய்க்கும் காலமும் அதுதான். அதுவரை வரும் வெயிலையெல்லாம் இவை நின்ற இடத்திலேயே வாங்க வேண்டும். மாமா கைத்தடியோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஈரம் நிற்க வேரடியில் பழம் உதிர்த்த வெறுங்குலையைப் பரப்பியிருந்தார்களாம்.

“அது பத்தாது, இன்னொரு அடுக்குப் போடச் சொல்லணும்” என்று சொல்லிக்கொண்டே மண்டோர் (தோட்டக் கங்காணி) வீட்டுப் பக்கம் நடந்தார்.