எல்லா நிறத்துக்கும் 1.6 தானா?

நேற்று இரவு ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். முப்பட்டகம் (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் முக்கோணக் கண்ணாடி), நிறமாலைமானி (ஒவ்வொரு நிறமும் திரும்பும் கோணத்தை அளக்கும் கருவி), பாதரச விளக்குச் சோதனை. ஒரு மாணவியின் அட்டவணையில் சிறும திசைமாற்றக் கோணம் (முப்பட்டகம் ஒளியைத் திருப்பும் மிகக் குறைந்த கோணம்) மஞ்சளுக்கு 48°17′, பச்சைக்கு 48°36′, நீலத்துக்கு 50°22′, ஊதாவுக்கு 51°15′. அருமையான அளவீடு. பக்கத்துக் கட்டத்தில் ஒளிவிலகல் எண் (கண்ணாடி ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு): 1.6, 1.6, 1.6, 1.6. ஊதாவுக்கு மட்டும் தாள் தேய்ந்திருந்தது. முதலில் 1.65 என்று எழுதி, பிறகு அழித்திருக்கிறாள். இந்த ஆண்டு இது எத்தனையாவது நோட்டு என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

'கண்ணாடிக்கு ஒளிவிலகல் எண் ஒன்றுதானே சார்?' இல்லை அம்மா. புத்தக அட்டவணையில் இருப்பது பெரும்பாலும் சோடியம் மஞ்சள் ஒளிக்கு, அதாவது 589.3 நானோமீட்டருக்கு உரிய மதிப்பு. அது அந்த ஒரு நிறத்துக்கு மட்டும்தான். அலைநீளம் குறையக் குறைய எண் ஏறும். எல்லா நிறத்துக்கும் ஒரே எண் என்றால் கண்ணாடி எல்லா நிறத்தையும் ஒரே அளவு திருப்பியிருக்கும். தொலைநோக்கியில் தனித்தனிக் கோடுகள் தெரிந்திருக்கவே தெரியாது. பச்சையையும் நீலத்தையும் தனித்தனியாகக் கண்ணால் பார்த்துவிட்டு, இரண்டுக்கும் ஒரே எண் என்று எழுத எப்படி மனம் வருகிறது?

'கண்ணாடி என்றால் 1.5, எனக்கு 1.6 வருகிறது, கருவி கோளாறு' என்று வருபவர்கள் இன்னொரு ரகம். கிரௌன் என்ற சாதாரண வகைக் கண்ணாடிக்குத்தான் 1.52 போல வரும். நம் ஆய்வகத்தில் இருப்பது ஃபிளிண்ட், ஒளியை இன்னும் அதிகம் வளைக்கும் வகை. கருவியைத் திட்டாதீர்கள்.

தசமத்தை வெட்டாதீர்கள். வெர்னியரின் (கோணம் படிக்கும் துணை அளவுகோலின்) மீச்சிற்றளவு, அதாவது அதில் படிக்கக்கூடிய மிகச் சிறிய கோணம், 1 நிமிடம் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு). கோணத்தில் 1 நிமிடம் தவறினால் ஒளிவிலகல் எண்ணில் நான்காம் தசமத்தில்தான் சுமார் 2 மாறும். அதனால் மூன்றாம் தசமத்தை நம்பலாம், நான்காவதையும் எழுதலாம். மேலே உள்ள கோணங்களைப் போட்டால் பச்சைக்கு 1.624, நீலத்துக்கு 1.642. சோதனையே இந்த வித்தியாசத்துக்காகத்தான்.

பச்சைக்குச் சிறும நிலையை வைத்துவிட்டு, முப்பட்டகம் நிற்கும் மேடையைத் தொடாமல் மற்ற நிறங்களையும் படிப்பவர்களைப் பற்றி: பெரிய பாவம் இல்லை, ஓரிரு நிமிடம்தான் பிசகும். ஆனால் 1 நிமிடம் வரை படிக்கும் கருவியில் அதை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? ஒவ்வொரு கோட்டுக்கும் மேடையைத் திருப்பி, கோடு நின்று திரும்பும் இடத்தைப் பாருங்கள்.

அப்புறம் வரைபடம். ஒளிவிலகல் எண்ணை 1/λ² உடன் (λ என்பது அலைநீளம்) வரைந்தால் ஏறத்தாழ நேர்க்கோடு வரும். ஒளிவிலகல் எண்ணையும் அலைநீளத்தையும் இணைக்கும் கோஷியின் சமன்பாடு அதைத்தான் சொல்கிறது. ஊதாப் புள்ளி கோட்டுக்குச் சற்று மேலே நின்றால் அதை இழுத்துக் கோட்டில் உட்கார வைக்காதீர்கள். அந்தச் சமன்பாட்டில் அடுத்த உறுப்பும் உண்டு. கவனமாக அளந்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

முப்பட்டகத்தைச் சொரசொரப்பான பக்கத்தில் பிடியுங்கள், பளபளப்பான முகத்தில் கைரேகை வேண்டாம். விளக்கின் வெளிக்கூடு விரிசல் விட்டிருந்தால் போடவே போடாதீர்கள், புற ஊதா ஒளி கண்ணைப் பதம்பார்த்துவிடும். அணைத்த உடனே சுவிட்சைப் போட்டு, எரியவில்லை என்றதும் 'சார், ஃபியூஸ்!' என்று ஓடி வராதீர்கள். சூடு ஆறச் சில நிமிடம் ஆகும். அதுவரை உட்கார்ந்து, தயவுசெய்து, நான்கு தசமம் வரை கணக்குப் போடுங்கள்.