சொப்புக் குடம் நிஜக் குடமாகத் தெரிய என்ன செய்யலாம்?

அம்பாசமுத்திரத்து மரச் சொப்பில் கட்டைவிரல் உயரக் குடம் ஒன்று உண்டு. அதைக் கேமராவை ஒட்டவைத்துப் படம் எடுத்தால் முன்பக்க வளைவு பளிச்சென்று விழும், பின்விளிம்பு மங்கிவிடும். கை ஆடிவிட்டது என்று மறுபடி எடுப்போம். மறுபடியும் அதே கதை.

பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி கூம்பாக விரிந்து வந்து லென்ஸை நிரப்புகிறது. பொருள் தள்ளி இருந்தால் கூம்பு ஒல்லி. கிட்டே வரவர அகலம். அகன்ற கூம்பில், ஃபோகஸ் தளத்தை விட்டுப் புள்ளி துளி விலகினாலும், கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் அது ஒரு வட்டமாகப் பரவிவிடும். அதுதான் மங்கல். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது), சென்சாரில் விழும் பிம்பம் பொருளின் அளவே இருக்கும்படி எடுத்தால், எஃப்/8இல் (லென்ஸ் துவாரத்தின் அளவு இது, எண் கூடினால் துவாரம் சிறிது) தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். குடமோ 2 சென்டிமீட்டர் பருமன்.

அப்போ துவாரத்தை இன்னும் சுருக்கினால்? ஆழம் கூடும்தான். ஆனால் இவ்வளவு அருகில் எஃப்/16 என்பது நடைமுறையில் எஃப்/32 போலச் செயல்படும். குறுகிய துவாரத்தின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால் படம் முழுக்கவே லேசாகக் குழைந்துவிடும். அதனால்தான் ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி முப்பது நாற்பது படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை மட்டும் மென்பொருளில் சேர்க்கிறார்கள். இதுதான் ஃபோகஸ் ஸ்டாக்கிங். போன் வைத்திருப்பவர்களுக்குக் கவலை குறைவு: சென்சார் சிறியது, ஆழம் தானாகவே அதிகம். சற்றுத் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுத்தால் போனின் நிழலும் விழாது.

எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. மங்கல் அதிகமிருந்தால், பொருள் அருகில் இருக்கிறது, ஆகவே சிறியது என்று மூளை கணக்குப் போடுகிறது. நிஜத் தெருவின் படத்தில் மேலும் கீழும் மங்கலாக்கினால் பஸ்கள் பொம்மையாகிவிடுவது இதனால்தான். இதையே திருப்பிப் போட்டு, மங்கலை நீக்கி, கேமராவையும் சொப்பின் மட்டத்துக்கு இறக்கினால் குடம் வளர்ந்துவிடும். ஜப்பானியக் கலைஞர் தத்சுயா தனாகா 2011 முதல் தினம் ஒரு படம் வெளியிடுகிறார். அவர் கையில் புரோக்கோலி மரமாகும். யோசனைக்கு எங்கும் போகவேண்டாம், சமையல்கட்டே போதும்.

வெளிச்சமும் அளவைக் காட்டிக்கொடுக்கும். சூரியன் வானத்தில் அரை டிகிரி அகலம்தான். அதனால் நிழல் விளிம்பு கூர்மையாக விழுகிறது. குடத்துக்குப் பக்கத்தில் பிடித்த பட்டர் பேப்பர், குடத்தைப் பொறுத்தவரை பாதி வானம். நிழல் கரைந்துவிடும், அரக்குப் பளபளப்பில் வெள்ளைப் பொட்டுக்குப் பதில் இதமான பட்டை விழும். விற்பனைக்குப் படம் என்றால் அதுவே சரி. நிஜக் குடமாகக் காட்டவேண்டுமா? பேப்பரை எடுத்துவிட்டு, சின்ன டார்ச் ஒன்றை அறையின் அந்தக் கோடியிலிருந்து அடியுங்கள்.