கையெழுத்துக் கேட்டு வரும் கடிதம்: வேலை பறிபோகும் காலத்தில் தொழிலாளர் அறிய வேண்டியவை

2020 ஜூன் மாத நடுப்பகுதியில், ஊரடங்கு தளர்ந்து கொழும்பு புதுக்கடை நீதிமன்ற வளாகம் மெல்ல இயங்கத் தொடங்கியிருந்தபோது, இரத்மலானைப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் எட்டு ஆண்டுகள் தையல் இயந்திரத்தில் வேலை செய்த பெண்ணொருவர் என்னைத் தேடி வந்தார். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வந்து, போடிங்கில் (வாடகை விடுதியில்) தங்கி, மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்பியவர். அவர் கையில் இருந்தது சிங்களத்தில் அச்சிட்ட அரைப்பக்கக் கடிதத்தின் பிரதி மட்டுமே. சொந்தக் காரணங்களுக்காகத் தாமாகவே வேலையை விட்டு விலகுவதாக அதில் இருந்தது. திகதி ஏப்ரல் 30 என்றிருந்தது. அவர் கையொப்பமிட்டதோ மே மாத இறுதியில்.

"கையெழுத்து வைக்காட்டி ஈ.பி.எப். காசும் கிடைக்காதுன்னு சொன்னாங்க மிஸ். லைன்ல எல்லாரும் வச்சாங்க, நானும் வச்சிட்டேன்" என்றார். ஈ.பி.எப். என்று அவர் சொன்னது ஊழியர் சேமலாப நிதியத்தை.

அந்த ஆண்டில் இதே போன்ற கடிதங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைகள் மூடப்பட்டு, கொள்வனவாளர்கள் ஓடர்களை இரத்துச் செய்த நேரம் அது; தொழிற்சாலைகளின் நெருக்கடி பொய்யன்று. என்றாலும் நெருக்கடி வந்தால் ஆளைக் குறைப்பதற்குச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. அந்த வழியில் செல்லாமல் தொழிலாளியின் பயத்தைப் பயன்படுத்தி ஒரு கையொப்பத்தில் காரியத்தை முடித்துக்கொள்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இலங்கையின் 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழில் முடிவுறுத்தல் சட்டத்தின்படி, 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் தனியார் நிறுவனமொன்றில், முந்திய 12 மாதங்களில் 180 நாட்களாவது வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறு காரணத்துக்காக நிறுத்துவதாயின், ஒன்றில் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் முன்கூட்டியே பெறப்பட வேண்டும். அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி பெறப்பட வேண்டும். இவ்விரண்டும் இல்லாத வேலைநீக்கம் செல்லாது. தற்காலிகமாக வேலை கொடுக்காமல் விடுவதையும் இச்சட்டம் வேலை முடிவுறுத்தலாகவே கருதுகிறது என்பது பலருக்குத் தெரியாது. "ஓடர் வந்ததும் கூப்பிடுறோம், இப்போ ஊருக்குப் போங்க" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பப்பட்டவர்களுக்கும் இதில் பாதுகாப்பு உண்டு.

விலகல் கடிதம் எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது இப்போது விளங்கும். தானாக விலகியவருக்காக எவரும் ஆணையாளரிடம் போக வேண்டியதில்லை. அந்தப் பெண்ணின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். எட்டு ஆண்டுச் சேவைக்கு, 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் என 4 மாதச் சம்பளம் கிடைக்கும். ஐந்து ஆண்டுகளைப் பூர்த்தி செய்தவர் என்பதால் விலகினாலும் அது அவருக்குரியது. ஆணையாளரின் அனுமதியோடு நிறுத்தப்பட்டிருந்தால், நட்டஈட்டுச் சூத்திரத்தின்படி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 2.5 மாதமும் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு 2 மாதமுமாக, பணிக்கொடைக்கு மேலதிகமாக 18.5 மாதச் சம்பளம் வந்திருக்கும். அரைப்பக்கக் கடிதம் அதை இல்லாமல் செய்தது.

கடிதத்தில் முந்திய திகதியிட்டதற்கும் காரணம் இருந்தது. வேலை கொடுக்க முடியாதவர்களுக்கு மே, ஜூன் மாதங்களில் அடிப்படைச் சம்பளத்தின் அரைவாசி அல்லது 14,500 ரூபா, இவற்றில் எது அதிகமோ அதைக் கொடுப்பதென்று அரசாங்கமும் தொழில்தருநர்களும் தொழிற்சங்கங்களும் உடன்பட்டிருந்தனர்; பின்னர் அது நீடிக்கவும்பட்டது. ஏப்ரலிலேயே விலகியவருக்கு அந்தப் பணமும் இல்லை.

தொழிற்சாலைகளுக்கு ஆட்களை வழங்கும் மேன்பவர் முகவர்கள் மூலம் நாட்கூலிக்குப் போனவர்களின் நிலை இதைவிடக் கடினம். 180 நாட்களைக் காட்ட அவர்களிடம் தாளே இருப்பதில்லை. வேலைக்குப் போன நாட்களையும் பெற்ற கூலியையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள் என்று அவர்களிடம் எப்போதும் கேட்டுக்கொள்கிறேன்.

ஊழியர் சேமலாப நிதியத்தில் உங்கள் 8 வீதமும் தொழில்தருநரின் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் அவருடைய 3 வீதமும் உங்கள் பெயரில் இருப்பவை. கையொப்பமிடாவிட்டால் அவை போய்விடும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். வாசிக்க முடியாத மொழியில் ஒரு தாளை நீட்டினால், வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். தர மறுத்தால், கைபேசியில் படமாவது எடுத்துக்கொள்ளுங்கள். சுயவிருப்பில் விலகுவோருக்கு நட்டஈடு தரும் திட்டம் என்றால், மேலே காட்டிய கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே சம்மதியுங்கள். ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தால், ஆறு மாதங்களுக்குள் நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்திலோ உங்கள் மாவட்டத் தொழில் அலுவலகத்திலோ முறையிடுங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.

மிரட்டிப் பெற்ற சம்மதம் சம்மதமாகாது என்று வாதிட இடமுண்டு. அதை நிரூபிப்பதுதான் கடினம். அந்தப் பெண்ணின் முறைப்பாட்டில் எங்களுக்குக் கைகொடுத்தது, கையொப்பமிட்ட அன்று போடிங் தோழிக்கு அவர் அனுப்பிய ஒரு குறுஞ்செய்தி. ஏப்ரல் 30 எனத் திகதியிட்ட கடிதம் மே மாத இறுதியில்தான் நீட்டப்பட்டது என்பதை அது காட்டியது. நீண்ட விசாரணைக்குப் பின் சமரசமாக ஒரு தொகை கிடைத்தது, 18.5 மாதச் சம்பளத்தில் அது அரைவாசிகூட இல்லை.