போர்டில் பெண்கள் இருந்தால் லாபம் கூடுமா?

கம்பெனிச் செயலர் வேலையில் பாதி, போர்டு எனும் இயக்குநர் குழுவின் கூட்டக் குறிப்பை, அதாவது மினிட்ஸை, எழுதுவது. யார் என்ன கேட்டார், யார் பதில் சொன்னார், எது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது என்று பல வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனாலோ என்னவோ, "போர்டில் பெண்களைச் சேருங்கள், லாபம் தானாக ஏறும்" என்று யாராவது மேடையில் அடித்துப் பேசினால் எனக்கு நெளியும்.

இந்தப் பேச்சில் அடிக்கடி வரும் ஓர் எண், கேட்டலிஸ்ட் என்ற அமைப்பின் 2007 அறிக்கையிலிருந்து எடுத்தது. அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளை வரிசைப்படுத்தும் ஃபார்ச்சூன் 500 பட்டியலில் பெண் இயக்குநர்கள் அதிகமுள்ள கால்பங்கு நிறுவனங்களின் பங்கு மூலதன லாப விகிதம், மிகக் குறைவாக உள்ள கால்பங்கைவிட 53 சதவீதம் கூடுதல் என்றது அது. சரி. ஆனால் எது முந்தி? நன்றாக ஓடும் கம்பெனிதான் வெளியே தேடி ஆள் எடுக்கும். தள்ளாடும் கம்பெனி பல நேரம் மச்சானையும் சம்பந்தியையும் வைத்தே ஒப்பேற்றிவிடும். லாபம் பெண்களைக் கூட்டி வந்ததா, பெண்கள் லாபத்தைக் கூட்டி வந்தார்களா என்பது அந்த எண்ணில் இல்லை.

நார்வே விஷயம் வேறு. அங்கே 2003-இல் சட்டமே வந்தது. பொதுப் பங்கு நிறுவனங்களின் போர்டில் குறைந்தது 40 சதவீதம் பெண்கள். 2008 தொடக்கத்துக்குள் கட்டாயம். கம்பெனி விரும்பி எடுத்த முடிவு இல்லை என்பதால் விளைவைப் பிரித்துப் பார்க்க முடியும். அஹெர்ன், டிட்மர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2012-இல் அப்படிப் பார்த்து, நிறுவன மதிப்பு குறைந்தது என்றார்கள். புதிய போர்டுகளில் வயதும் அனுபவமும் குறைந்தது அதற்கு அவர்கள் சொன்ன காரணம். பின்னால் எக்போ குழுவினர் அதே விஷயத்தை மறுபடி அலசி, குறிப்பிடும்படியான இறக்கம் இல்லை என்றார்கள். 140 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த போஸ்ட், பைரன் இருவருக்கும் 2015-இல் கிடைத்ததும் அவ்வளவுதான்: போர்டில் பெண்கள் கூடினால் கணக்குப்படியான லாபமும் மிகக் கொஞ்சம் கூடியிருக்கும் என்ற அளவில் ஒரு தொடர்பு, சந்தை மதிப்போடு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

எனக்கு நெருக்கமாகப் பட்டது ஆடம்ஸ், ஃபெரேரா 2009-இல் எழுதியது. பெண் இயக்குநர்கள் கூட்டங்களுக்கு வருவது நன்றாக இருந்தது. அவர்கள் இருந்த போர்டுகளில் ஆண்களும் ஒழுங்காக வந்தார்கள். தணிக்கை போன்ற கண்காணிப்புக் கமிட்டிகளில் பெண்கள் அதிகம் இருந்தார்கள். ஆனால் ஏற்கெனவே கண்காணிப்பு வலுவாக இருந்த கம்பெனிகளில் இந்தக் கூடுதல் கிடுக்கிப்பிடி லாபத்துக்கு உதவவில்லை.

நான் உட்கார்ந்திருந்த ஒரு தணிக்கைக் கமிட்டிக் கூட்டம். அஜெண்டாவில் கடைசிக்கு முந்தியது, துணை நிறுவனத்துக்குக் கொடுத்த கடனை நீட்டிப்பது. சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. எல்லோரும் தலையாட்டத் தயார். புதிதாக வந்திருந்த அம்மையார் மட்டும் காகிதத்தைப் புரட்டிவிட்டு, "இது மூன்றாவது நீட்டிப்பு. இதுவரை வட்டி வந்திருக்கிறதா?" என்றார். நிதித்துறைத் தலைவர், "அது... கணக்கில் சேர்ந்துகொண்டு வருகிறது மேடம்" என்றார். வங்கியில் சேர்ந்ததா என்று மறுபடி கேட்டார். சேரவில்லை. அடுத்த காலாண்டில், அந்தக் கடன் வராமல் போகலாம் என்று லாபத்திலிருந்து ஒரு தொகையை ஒதுக்கி வைத்தார்கள். அந்த வருட லாபம் சரிந்தது. ஆய்வாளரின் அட்டவணையில் அந்தக் கம்பெனி எப்படித் தெரியும்? பெண் இயக்குநர் வந்தார், லாபம் இறங்கியது. அவ்வளவுதான் தெரியும்.

வேறொரு கம்பெனியில் நிறுவனரின் மனைவிதான் பெண் இயக்குநர். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கும். மினிட்ஸில் நான் அவர் பெயரை எழுத ஒருமுறைகூட வாய்ப்பு வந்ததில்லை. ஆய்வாளரின் அட்டவணையில், பெண் இயக்குநர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் இரண்டு கம்பெனிக்கும் அதே 'ஒன்று'தான்.

ஆகவே பங்கு வாங்குகிறவர்கள் ஆண்டறிக்கையில் பெண்களின் எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள். அவர் எந்தக் கமிட்டியில் இருக்கிறார், எத்தனை கூட்டத்துக்கு வந்தார், நிறுவனர் குடும்பத்துக்கு உறவா என்று பாருங்கள். போர்டுக்கு அழைப்பு வந்திருக்கும் பெண்ணாக இருந்தால், ஒப்புக்கொள்ளும் முன் கடைசி நான்கு கூட்டங்களின் மினிட்ஸைக் கேளுங்கள். கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்னால் காகிதங்கள் கைக்கு வரும் என்றும் கேளுங்கள். "முந்தின நாள் ராத்திரி மெயிலில் வந்துவிடும்" என்று பதில் வந்தால், கொஞ்சம் யோசியுங்கள்.