உணர்திறன் வேறு, துல்லியம் வேறு

வாயுக்கசிவைக் கண்டுபிடிக்கும் லேசர் கருவியைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், ‘சென்சிட்டிவிட்டி’ வரும் இடத்திலெல்லாம் ‘துல்லியம்’ என்று போட்டுவிடுகிறார்கள். வழுதூரில் எரிவாயு மின்நிலையம் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் எரிவாயுக் கிணறுகள் இருக்கின்றன. இங்கே குடியிருப்பவர்களுக்கு இது வெறும் சொல் தகராறு இல்லை.

சென்சிட்டிவிட்டியின் வேர், உணர்தலைக் குறிக்கும் லத்தீன் வினை. தமிழில் உணர், திறன், இரண்டும் சேர்ந்து உணர்திறன். இதில் விளக்க அதிகம் இல்லை.

துல்லியத்தைத்தான் கொஞ்சம் கிளற வேண்டும். அது வடமொழி ‘துல்ய’ என்பதிலிருந்து வந்தது, பொருள், சமமானது. தராசைக் குறிக்கும் ‘துலா’ அதன் உறவு. ஆக, உண்மை அளவுக்குச் சமமாகக் காட்டுவதே துல்லியம். பாம்பன் கரையில் மீன் நிறுக்கும் தராசு ஒரே ஒரு நெத்திலிக்கும் அசைந்தால் அதற்கு உணர்திறன் உண்டு. அதே தராசு எதை வைத்தாலும் கால் கிலோ கூட்டிக் காட்டினால் துல்லியம் இல்லை. மீன் வாங்க வருகிறவர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார். மொழிபெயர்ப்பாளர் ஏன் குழப்புகிறார்?

கருவி செய்வது இதுதான். எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். அது 1.65 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி ஒளியை உட்கவரும். லேசரை அங்கே நிறுத்திக் காற்றின் வழியே அனுப்பி, எவ்வளவு ஒளி குறைந்தது என்று பார்க்கிறார்கள். சாதாரணக் காற்றில் மீத்தேன் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 2 பங்குதான். சிறு கசிவு அதைக் கொஞ்சமே கூட்டும். வாயுவுக்குள் ஒளி போகும் தூரம் கூடினால் உட்கவரப்படும் ஒளியும் கூடும் என்கிறது பியர்–லாம்பர்ட் விதி. அதன்படி அந்தக் கொஞ்சம் தெரிய வேண்டுமானால், ஒளி போகும் பாதையை நீட்ட வேண்டும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒளியைப் பலமுறை போகவர விடுவது ஒரு வழி. 1988இல் ஓ’கீஃப், டீக்கன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் மிக நன்றாக ஒளியைத் திருப்பும் கண்ணாடிகளுக்குள் அதை அடைத்து, எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்று அளந்தார்கள். அந்த முறையில் பாதை கிலோமீட்டர் கணக்கில் நீளும். லேசரின் அலைநீளத்தை வேகமாக அசைத்து, மின்னணு இரைச்சல் குறைந்த அதிர்வெண்ணில் அளப்பது இன்னொரு வழி. இவை எல்லாம் உணர்திறனைக் கூட்டும் வேலைகள். துல்லியத்துக்கு, அளவு தெரிந்த வாயுவை உள்ளே விட்டுக் கருவியைச் சரிபார்க்க வேண்டும். அது தனி வேலை.

இரண்டும் எதிரெதிராகப் போவதும் உண்டு. நம் கடற்காற்றில் ஈரம் அதிகம், நீராவியும் அகச்சிவப்பில் பல இடங்களில் ஒளியை உட்கவரும். அலைநீளத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காவிட்டால், உணர்திறன் மிக்க கருவி நீராவியையும் மீத்தேன் கணக்கில் சேர்த்துத் தப்பான எண்ணைக் கொடுக்கும்.

‘சின்னக் கசிவும் தெரியுமா?’ என்று ஊர்க்காரர் கேட்பது உணர்திறனை. ‘காட்டுகிற எண் சரியா?’ என்பது துல்லியத்தை. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், ஒன்றைக் கேட்டவருக்கு மற்றதைப் பதிலாகச் சொல்லி அனுப்பிவிடலாம்.

‘நுண்ணுணர்வு’, ‘கூருணர்வு’ என்றும் எழுதுகிறார்கள். அழகான சொற்கள்தான், ஆனால் மனிதர்களுக்குப் பொருந்துபவை. கருவிக்கு இருப்பது திறன்.

இடம் பார்த்துச் சொல் போடத் தெரியாதவர்களா நாம்? பல்லுக்கு வந்தால் ‘கூச்சம்’ என்கிறோம், வாக்குச்சாவடிக்கு ‘பதற்றமான’ என்கிறோம். இரண்டுமே ‘சென்சிட்டிவ்’ என்பதற்கு நாம் போட்ட தமிழ். அறிவியல் என்றதும் மட்டும் முதலில் தோன்றிய சொல்லை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.