அமைச்சரின் பதிலுக்குப் பிறகு: உணவு, காற்று, மருந்து மீதான நாடாளுமன்றக் கண்காணிப்பு எப்படி நடக்கிறது?

2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவையில் சுகாதார அமைச்சகம் ஓர் எழுத்துப்பூர்வப் பதிலை வைத்தது. கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் இல்லாமல் இறந்தவர்களைப் பற்றிய கேள்வி அது. பதிலின் சாரம்: சுகாதாரம் மாநிலப் பொருள், இறப்பு விவரங்களை மாநிலங்களே அனுப்புகின்றன, ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறப்பு என்று எந்த மாநிலமும் யூனியன் பிரதேசமும் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை. "யாருமே இறக்கவில்லை என்கிறார்களா?" என்று நாடே கொதித்தது. பதிலில் அப்படி ஒரு வரி கிடையாது. அந்தத் தலைப்பில் தங்களுக்குக் கணக்கு வரவில்லை என்றுதான் இருந்தது. வாக்கியத்தின் முழுக் கனமும் "குறிப்பாக" என்ற ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

நாடாளுமன்றப் பதில்கள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்படுகின்றன. பொய் சொன்னால் அவையின் உரிமை மீறல் ஆகிவிடும், அதனால் பொய் இருக்காது. கேட்டதற்கு மேல் ஒரு சொல்லும் இருக்காது. கேள்வி எங்கே தளர்வாக இருக்கிறதோ அந்த வழியாகப் பதில் நழுவிவிடும்.

கேள்விகளில் இரண்டு வகை உண்டு. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும். கேட்ட உறுப்பினர் துணைக் கேள்விகளும் எழுப்பலாம். குறியில்லாத கேள்விக்கு எழுத்தில் மட்டும் பதில் வரும், துணைக் கேள்விக்கு இடமில்லை. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 குறியில்லாத கேள்விகளும் பட்டியலில் ஏறும். மாநிலங்களவையில் இது 15, 160. மக்களவையில் கேள்வி நேரம் காலை 11 மணிக்கு, மாநிலங்களவையில் பகல் 12 மணிக்கு. நட்சத்திரப் பட்டியலில் இருப்பதில் ஒரு மணி நேரத்துக்குள் வாய்மொழியாக எட்டப்படுவது சில கேள்விகள் மட்டுமே. அமளியில் அவை ஒத்திவைக்கப்பட்டால் அன்றைய நட்சத்திரக் கேள்விகளுக்கும் எழுத்துப் பதில்தான். அமைச்சரை மடக்கக்கூடிய துணைக் கேள்வி அத்தோடு போய்விடும். இதில் லாபம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

கேள்வியை குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன் கொடுக்க வேண்டும். வந்த கேள்விகளில் எது முன்னே வரும் என்பது குலுக்கலில் முடிவாகும். ஒவ்வோர் அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள்தான் ஒதுக்கீடு. ஆக, ஒரு கூட்டத்தொடரில் ஓர் அமைச்சகத்தைக் கேட்கக் கிடைப்பது சில நாட்களே.

முதல் சறுக்கல் அமைச்சகத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே நடக்கும். காய்கறியில் பூச்சிமருந்து எச்சம் என்பது பார்வைக்கு ஒரே பிரச்சினை. அந்த மருந்துக்குப் பதிவு தருவது வேளாண் அமைச்சகத்தின் கீழ் உள்ள மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியமும் பதிவுக் குழுவும். உணவில் எவ்வளவு எச்சம் இருக்கலாம் என்று வரம்பு விதிப்பது சுகாதார அமைச்சகத்தின் கீழ் வரும் எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம். பூச்சிமருந்து ஆலையின் கழிவு ஆற்றில் கலந்தால் அது சுற்றுச்சூழல் அமைச்சகம். அதே ஆற்றிலிருந்து குழாயில் வரும் குடிநீர் ஜல்சக்தி அமைச்சகம். நான்கையும் ஒரே கேள்வியில் அடைத்தால் நான்கில் மூன்று "எங்கள் பொறுப்பல்ல" என்று திரும்பும்.

அடுத்தது சொற்கள். விதிப்படி கேள்வி பொதுவாக 150 சொற்களைத் தாண்டக்கூடாது. கருத்துக் கேட்கக்கூடாது, வாதம் செய்யக்கூடாது, நீதிமன்றத்தில் நிலுவையில் இருப்பதைத் தொடக்கூடாது. "உணவுக் கலப்படம் பெருகிவருவது அரசுக்குத் தெரியுமா, தெரியுமெனில் எடுத்த நடவடிக்கை என்ன?" என்று கேட்டால் வரும் பதிலை முன்கூட்டியே எழுதிவிடலாம்: 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, எஃப்எஸ்எஸ்ஏஐ தர அளவுகளை வகுக்கிறது, அமலாக்கம் முதன்மையாக மாநிலங்களின் பொறுப்பு, மாதிரிகள் தொடர்ந்து எடுக்கப்படுகின்றன. இணைப்பாக ஓர் அட்டவணை.

அதே விஷயத்தை இப்படிக் கேட்டுப் பாருங்கள். கடந்த மூன்று நிதியாண்டுகளில் மாநில வாரியாகவும் ஆண்டு வாரியாகவும்: (அ) பகுப்பாய்வு செய்யப்பட்ட அமலாக்க மாதிரிகள் எத்தனை, (ஆ) அவற்றில் பாதுகாப்பற்றவை, தரம் குறைந்தவை, தவறான விவரச்சீட்டு ஒட்டியவை தனித்தனியே எத்தனை, (இ) உணவுப் பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தராதவை எத்தனை, (ஈ) என்ஏபிஎல் (ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்து அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள மாநில அரசு ஆய்வகங்கள் எத்தனை.

ஒவ்வொரு பிரிவுக்கும் காரணம் இருக்கிறது. அமலாக்க மாதிரி என்றால்தான் வழக்குப் போட முடியும். நிலவரம் அறிய எடுக்கும் கண்காணிப்பு மாதிரியை வைத்து வழக்கில்லை. இரண்டையும் கூட்டிக் காட்டினால் எண் பெரிதாகத் தெரியும். பாதுகாப்பற்றது என்றால் குற்றவியல் வழக்கு. தரம் குறைந்ததற்கு அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய், தவறான விவரச்சீட்டுக்கு 3 லட்சம் ரூபாய் அபராதம், அதுவும் தீர்ப்பு அதிகாரி முன்னால். தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு மாவட்ட வருவாய் அலுவலரிடம் இருக்கிறது. மூன்றையும் சேர்த்து "தரமற்றவை" என்று ஒரே எண்ணாகக் கொடுத்தால், பாக்கெட்டில் தேதி அச்சிடாததும் விஷம் கலந்ததும் ஒன்றாகிவிடும். 14 நாள் என்பது சட்டத்தின் 46ஆம் பிரிவில் உள்ள கெடு. ஆய்வகக் கேள்விக்குப் பின்னணி 2017 டிசம்பரில் அவையில் வைக்கப்பட்ட சிஏஜி (அரசுக் கணக்குகளின் தலைமைத் தணிக்கையாளர்) அறிக்கை: பார்த்த 72 மாநில ஆய்வகங்களில் 65க்கு என்ஏபிஎல் அங்கீகாரம் இல்லை என்றது. தணிக்கையில் ஏற்கெனவே பதிவான குறையைக் கேட்டால் "மாநிலப் பொருள்" என்று தள்ளுவது கடினம்.

இந்த "மாநிலப் பொருள்" பதில் முழுக்கச் சாக்கு என்றும் சொல்ல முடியாது. பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில்தான் உள்ளன. ஆனால் உணவுக் கலப்படம், மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது. காடுகளும் 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்துக்குப் பிறகு அங்கேதான். மாநிலப் பொருளிலும் மத்தியப் பணம் போன இடத்தைக் கேட்கலாம். தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி இருக்கின்றன. காற்று ஏன் கெட்டது என்று கேட்பதைவிட, எந்த நகரத்துக்கு எந்த ஆண்டு எவ்வளவு விடுவிக்கப்பட்டது, எவ்வளவு செலவானது, அதில் சாலைத் தூசிக்கு எவ்வளவு என்று கேட்டால் எண் வந்தே ஆக வேண்டும்.

வந்த அட்டவணையை வாசிக்கும்போது ஓர் எச்சரிக்கை. "தொடரப்பட்ட வழக்குகள்", "தண்டனைகள்" என்று பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருக்கும் எண்களை வகுத்துச் சதவீதம் போடாதீர்கள். இந்த ஆண்டு தண்டனை பெற்றவை பெரும்பாலும் பழைய ஆண்டுகளின் வழக்குகள். செய்திகளிலேயே இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

பதிலுக்குள் ஒளிந்திருக்கும் வாக்குறுதி

"பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்" போன்ற தொடர்களுக்கு நாடாளுமன்றத்தில் தனி மதிப்பு உண்டு. எந்தெந்தத் தொடர் உறுதிமொழியாகும் என்று பட்டியலே இருக்கிறது. அமைச்சர் வாயிலிருந்தோ தாளிலோ அது வந்துவிட்டால் மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இரு அவைகளிலும் அரசு உறுதிமொழிகள் குழு இதைப் பின்தொடர்கிறது. காலநீட்டிப்புக் கேட்பதும், கைவிட அனுமதி கேட்பதும் அந்தக் குழுவிடம்தான்.

அதிகாரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே "தகவல் திரட்டப்படுகிறது" என்று எழுதிச் சிக்கிக்கொள்வதைவிட, "இத்தகைய விவரம் மையமாகப் பராமரிக்கப்படுவதில்லை" என்று எழுதுவது அவர்களுக்கு வசதி. முன்னது கடன், பின்னதில் கடன் இல்லை. பின்னதைப் பார்த்தால் அடுத்த கேள்வி தயாராக இருக்க வேண்டும்: எந்தச் சட்டத்தின் கீழ் யார் அந்த விவரத்தைத் தொகுக்க வேண்டும், தொகுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பப்பட்டதா?

குழு அறைகளில்

கேள்வி நேரத்தைவிடக் கனமான வேலை நிலைக்குழுக்களில் நடக்கிறது. துறை சார்ந்த நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. சுகாதாரக் குழுவும், அறிவியல் தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், வனம், பருவநிலை மாற்றக் குழுவும் மாநிலங்களவைச் செயலகத்தின் கீழ் இயங்குகின்றன. வேளாண்மைக் குழுவும் உணவு, பொது விநியோகக் குழுவும் மக்களவையின் கீழ். கேமரா இல்லாததால் கட்சிச் சண்டை குறைவு, அமைச்சகச் செயலாளரை உட்காரவைத்துக் கோப்பைக் கேட்க முடிகிறது.

சுகாதாரக் குழுவின் 59ஆவது அறிக்கை, 2012 மே மாதம் வந்தது, அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மருந்துகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பைப் பற்றிய அறிக்கை. 42 மருந்துகளைத் தேர்ந்தெடுத்து அனுமதிக் கோப்புகளைக் கேட்டது குழு. மூன்று மருந்துகளின் கோப்புகளைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்று பதில் வந்தது. சந்தையில் மருந்து இருக்கிறது, அனுமதித்த கோப்பு இல்லை! பொதுவான கேள்வியில் இது ஒருநாளும் வெளிவந்திருக்காது.

2003 ஆகஸ்ட் 5 அன்று தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 12 குளிர்பான வகைகளில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாக அறிவித்தபோது, அதை ஆராய சரத் பவார் தலைமையில் நாடாளுமன்றக் கூட்டுக் குழு அமைந்தது. 2004 பிப்ரவரியில் வந்த அறிக்கை, மையத்தின் கண்டுபிடிப்பு சரி என்றது. சிதறிக்கிடந்த உணவுச் சட்டங்களை ஒன்றாக்க வேண்டும் என்றும் சொன்னது. 2006இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் நடைமுறைக்கு வந்தது 2011 ஆகஸ்ட் 5. சரியாக எட்டு ஆண்டுகள், நாள்கூடப் பிசகவில்லை.

குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பதில் சொல்லாமல் இருக்கவும் முடியாது. பரிந்துரைகள் மீது அரசு என்ன செய்தது என்று காட்டும் நடவடிக்கை அறிக்கை சில மாதங்களில் வரும். அந்த அறிக்கையை வாசிப்பவர்கள் முதலில் புரட்ட வேண்டியது நான்காவது அத்தியாயம். வழக்கமான அமைப்பில் இரண்டாவது அரசு ஏற்றவை, மூன்றாவது அரசின் பதிலைப் பார்த்துக் குழு விட்டுவிட்டவை, நான்காவது அரசின் பதிலைக் குழு ஏற்காதவை, ஐந்தாவது இறுதிப் பதில் வராதவை. சண்டை நான்காவதில் இருக்கும்.

இந்த அறிக்கைகளுக்கு வெளியிலும் மதிப்பு உண்டு. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கப் போடும் எச்பிவி தடுப்பூசியின் ஆய்வு தொடர்பான கல்பனா மேத்தா வழக்கில், நாடாளுமன்றக் குழு அறிக்கைகளை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம், ஆனால் அவற்றின் செல்லுபடியைக் கேள்விக்குள்ளாக்க முடியாது என்று 2018 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது.

மசோதாக்கள் எல்லாம் குழுவுக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. போனாலும் எந்தக் குழு என்பதில் அரசியல் உண்டு. 2023ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புத் திருத்த மசோதா சுற்றுச்சூழல் நிலைக்குழுவைத் தாண்டி, தனியாக அமைத்த கூட்டுக் குழுவுக்குப் போனது. நிலைக்குழுத் தலைவராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் ஆட்சேபித்தார். கூட்டுக் குழு மசோதாவில் மாற்றம் எதுவும் சொல்லாமல் திருப்பி அனுப்பியது.

விதிகள் மேசைக்கு வரும்போது

சட்டத்தைவிட அன்றாட வாழ்க்கையைத் தொடுவது அதன் கீழ் வரும் விதிகள். 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவும், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 93ஆம் பிரிவும், இவற்றை இரு அவைகளிலும் மொத்தம் 30 நாட்கள் வைக்கச் சொல்கின்றன. அவைகள் சேர்ந்து மாற்றலாம், ரத்து செய்யலாம். ஆனால் விதி ஏற்கெனவே அமலில் இருக்கும், அதுவரை அதன்படி செய்தது செல்லும். அமைச்சகம் வெளியிடும் அலுவலகக் குறிப்பாணைகளுக்கு இந்தக் கட்டாயமே இல்லை. சுற்றுச்சூழல் அனுமதி தொடர்பான பல முக்கிய மாற்றங்கள் குறிப்பாணையாக வருவதைப் பார்க்கும்போது இது சின்ன ஓட்டை இல்லை.

ஆகவே வரைவுக் கட்டத்திலேயே பிடிப்பது நல்லது. சுற்றுச்சூழல் வரைவு அறிவிக்கைக்கு ஆட்சேபம் சொல்ல 60 நாள். 2020 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தபோது, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிட தில்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. ஆட்சேபக் காலத்தையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டியது.

நீங்கள் எழுத வேண்டுமானால்

நிலைக்குழு ஒரு பொருளை ஆராயும்போது கருத்துக் கேட்டு விளம்பரம் தரும். பெரும்பாலும் 15 நாள் கெடு, ஆங்கிலம் அல்லது இந்தியில் இரண்டு படிகள். தமிழில் எழுதுபவர்கள் மொழிபெயர்ப்புக்கு இரண்டு நாளாவது ஒதுக்க வேண்டும். நேரில் சாட்சியம் தர விரும்பினால் அதையும் அதே கடிதத்தில் எழுத வேண்டும், பிறகு கேட்டால் நடக்காது. கொடுத்த குறிப்பு குழுவின் ரகசிய ஆவணம் ஆகிவிடும். அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் உரிமை மீறல் பிரச்சினை வரும். பலர் அறியாமல் செய்யும் தவறு இது.

மக்களவைக்கு மனு என்பது வேறு. ஓர் உறுப்பினர் அதைத் தாக்கல் செய்தால் அதில் அவர் மேலொப்பம் இட வேண்டும். தமிழ் மனுவோடு ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பும் வேண்டும். ஆய்வக அறிக்கை, புகைப்படம், கடித நகல் எதையும் இணைக்கக்கூடாது. சொல்ல வேண்டியதெல்லாம் மனுவுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

காலத்தையும் பார்க்க வேண்டும். நிலைக்குழுவின் ஆயுள் ஓராண்டுதான். மக்களவை கலைந்தால் குழுவும் கலைந்துவிடும். தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் அனுப்பிய குறிப்பைப் புதிய குழு அமைந்தபின், அது அதே பொருளை எடுத்திருக்கிறதா என்று பார்த்து மீண்டும் அனுப்புங்கள்.